ஒன்பது மில்லிமீட்டர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்த வீட்டில் நான், அப்பா, மாடிப்படி மூவரும் சுகம், அப்பாவின் முழங்காலுக்கும் மாடிப்படிக்கும் மட்டும் பேச்சுவார்த்தை இல்லை, அதனால் தையல் மெஷினைக் கீழே முன்னறைக்கு இறக்கிவிட்டோம். இப்போது வாசலில் போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் பேசிக்கொண்டே தைக்கிறார், ஒரு சட்டைக்கு இரண்டு நாள் கூடுதலாகிறது, ஆனால் தெருச் செய்தி முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்துவிடுகிறது. நீ சுகமாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், போனில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், உன் கையெழுத்தில் நாலு வரி வந்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். இருமல் நின்றதா. ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுக்காதே. இத்தனை வருடம் கழித்து இவளுக்கு ஏன் திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுவாய், இது அப்படி முடிக்கக் கூடாத விஷயம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. படிப்பு முடித்துப் புதிதாகச் சேரும் ஆறு பேரை ஒரு வருடம் உன்னிடம் விட்டுப் பழக்கச் சொல்கிறார்கள், முதல் தேதிக்குள் பதில் கேட்கிறார்கள் என்றாய். எனக்கு அப்போதே வாயெல்லாம் பல். அடுத்த மூச்சில், வேண்டாம்னு சொல்லப்போறேம்மா, நானே எந்தக் கணக்கையும் நாலு தடவை பார்க்காம வெளிய விடறதில்ல, என் கண்ணை நானே நம்பறதில்ல, என்னை நம்பி ஆறு பேரை விட்டா அந்தப் பசங்க கதி என்ன என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்துவைத்தேன். போனை வைத்த பிறகு பால் பொங்கி வழிந்து அடுப்பும் அணைந்துபோய்விட்டது, நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேனாம், அப்பா வந்து அடுப்பை மூடினார். உன்னை மாதிரி கருத்தாக வேலை செய்கிற ஒரு பெண்ணுக்குத் தன் கண் மேல் எங்கிருந்து இந்தச் சந்தேகம் வந்தது என்று யோசித்தேன். அன்றைக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று கோபிக்காதே, வரிசையாக எழுதினால்தான் எனக்கே பிடிபடும். கல்லூரிக்கு இப்போதும் எல்லாருக்கும் முன்னால் போய்விடுகிறேன். அந்த நேரத்தில் மைதானத்தில் பனி முழங்கால் உயரத்துக்குப் படுத்திருக்கும், கட்டிடங்கள் எல்லாம் தரையைத் தொடாமல் நிற்கிற மாதிரி இருக்கும். கருவி அறையில் புதிது புதிதாக எத்தனையோ வந்துவிட்டன, பொத்தானை அழுத்தினால் எண்ணைத் தானே சொல்கிற கருவிகூட இருக்கிறது, ஆனாலும் அந்தப் பழைய மட்டம் பார்க்கும் கருவியை நான் விடவில்லை. அதன் குழாயில் கண்ணை வைத்தால் உலகம் தலைகீழாகத் தெரியுமே, நீ ஆறு வயதில் ஒருநாள் என்னோடு வந்து அதில் பார்த்துவிட்டு, உள்ளே வேறு ஒரு கல்லூரி இருக்கிறது, அங்கே எல்லாரும் வானத்தில் நடக்கிறார்கள் என்று வீட்டில் வந்து சொன்னாய். இன்றைக்கும் யாரும் வராத அந்தக் கால் மணி நேரம் நான் அதில் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பேன். வாட்ச்மேன் தலைகீழாக வந்து கேட்டைத் திறப்பார், மரங்கள் மேலிருந்து கீழே வளரும், பெருக்குகிற அம்மா வானத்தைப் பெருக்கிக்கொண்டே போவார். திங்கட்கிழமை மதியம் கருவி அறை நாற்காலியில் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன், கனவில் நீ அந்தக் குழாய்க்குள் தலைகீழாக நிற்கிறாய், கையில் அளவுகோல், கால்கள் மேகத்தில், ஏதோ ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாய், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. நான் இங்கிருந்து, திரும்பப் போய் அளந்துட்டு வா என்று கத்துகிறேன். கத்திய சத்தத்தில் நானே விழித்துக்கொண்டேன், கருவி அறைக்காரர், மேடம் தூக்கத்திலயும் கிளாஸ் எடுக்கறீங்க என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் வருட வகுப்புக்கு மட்டம் பார்க்கும் பயிற்சி. நீ செய்த அதே பயிற்சிதான். கேட் பக்கத்தில் ஒரு கல், பட்டறைக்குப் பின்னால் ஒரு கல், இரண்டின் உயரமும் என் ரிஜிஸ்டரில் இருக்கிறது, பிள்ளைகள் கேட் கல்லில் ஆரம்பித்து, கருவியை நகர்த்தி நகர்த்தி, ஏற்ற இறக்கத்தைக் கூட்டிக் கழித்து, பட்டறைக் கல்லில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். முடிவில் வரும் உயரம் ரிஜிஸ்டரோடு ஒத்துப்போனால் மார்க், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் தவறினால் திரும்பப் போ. வகுப்பின் அறுபது பேரில் இந்த வருடம் என் தனி மேற்பார்வைக்குக் கொடுத்த இருபது பேருக்குள் ஒரு பெண், வேறு கல்லூரியிலிருந்து வருடத்தின் நடுவில் வந்து சேர்ந்தவள், எதையும் ஆற அமரச் செய்வாள் என்பதால் மற்றப் பிள்ளைகள் அவளுக்கு ஆமை என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். எல்லாக் குழுவும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் முடித்துவிட்டுக் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள், ஆமையின் குழு மட்டும் பதினான்கு குறைகிறது என்று வந்து நின்றது. நான் தலையைத் தூக்காமலே திரும்பப் போகச் சொன்னேன். போனார்கள், மறுபடி பதினான்கு. கூட இருந்த பிள்ளைகள் அவளை முறைக்கிறார்கள், அவளோ கொஞ்சமும் பதறாமல், மேடம், இன்னொரு தடவை போகச் சொன்னா போறோம், ஆனா இந்தத் தடவை பட்டறைல நிறுத்தாம, அளந்துக்கிட்டே கேட் கல்லுக்கே திரும்பி வந்து பார்க்கவா, கிளம்பின இடத்துக்கே சரியா வந்துட்டா எங்க அளவுல தப்பில்லைன்னு தெரிஞ்சுடும்ல என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. இருபத்தாறு வருடமாக இந்தப் பயிற்சியை நடத்துகிறேன், திரும்பி வா என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, அது பாடப் புத்தகத்தில் முதல் அத்தியாயத்தில் இருந்தும் சொன்னதில்லை, நேரம் பத்தாது என்று விட்டது அப்படியே வழக்கமாகிவிட்டது. சரி என்றேன். திரும்பி வந்தார்கள், கேட் கல்லில் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

அதாவது பிள்ளைகள் அளந்தது சரி, இரண்டு கல்லில் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது. மறுநாள் நானே அவர்களோடு போனேன், மெயின் ரோட்டுப் பாலத்துத் தூணில் பழைய உயரக் குறி ஒன்று இருக்கிறது, அங்கிருந்து கேட் கல்லுக்கு அளந்தோம், கேட் கல் இம்மி அசையவில்லை. அப்படியானால் பட்டறைக் கல்தான். இருபது வருடத்துக்கு முன்னால் கொத்தனாரோடு வெயிலில் நின்று நானே நட்ட கல், அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தடவிக் கொடுக்காத குறையாகப் பார்ப்பேனே, அதேதான். பக்கத்தில் தோண்டினால் கீழே மண் சேறாக இருக்கிறது, கை கழுவும் தொட்டியின் குழாய் எப்போதோ விரிசல் விட்டுக் கசிந்திருக்கிறது. கல் ஒரேயடியாக விழவில்லை, தூக்கம் வருகிற பிள்ளையின் தலை சரிகிற மாதிரி யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. நான் அதன் பக்கத்திலேயே நின்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோதும் அது இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன், வாயில் ஊசியை வைத்துக்கொண்டே, துணி டேப் நீளும்னு நான் வருஷத்துக்கு ஒரு டேப் மாத்தறேன், நீ இருபது வருஷமா ஒரே கல்லைக் கட்டிக்கிட்டு அழுதிருக்க, பாவம் அந்தப் பசங்க என்றார். தையல்காரரிடம் பாடம் கேட்க வேண்டிய நிலைமை எனக்கு.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் வம்பு என்றால் கதவைச் சாத்திக்கொள்வார். ரிஜிஸ்டர்ல எண்ணை மாத்திடுங்க மேடம், கதை முடிஞ்சுது, இதைப் போய் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காதீங்க என்றார். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன், ஒரு மணி நேரம் நினைத்தேன். பிறகு வியாழக்கிழமை வகுப்பில் அறுபது பேர் முன்னால் நின்று, கல் தப்பு, ரிஜிஸ்டர் தப்பு, நான் தப்பு, ஆமை குழு சரி என்று சொன்னேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது, கல் பதினான்கு இறங்கியிருந்தால் மற்றப் பதினோரு குழுவுக்கும் எப்படி ஒன்றும் இரண்டும் வந்தது என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு வெடித்தது. கடைசியில் ஒருவன் எழுந்து, திட்டக் கூடாது மேடம் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு ஒரு காகிதத்தைக் கொடுத்தான். நகல் எடுத்து நகல் எடுத்துச் சாம்பல் நிறமாகிப்போன காகிதம், சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கொடுத்து வருகிறார்களாம், ஆமை மட்டும் அதைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாளாம். பட்டறைக் கல், ஏழு கூட்டவும் என்று முதல் வரி. அதற்குக் கீழே எட்டு, ஒன்பது, பத்து என்று வருடம் போட்டு வளர்ந்துகொண்டே வந்து, இந்த வருடம் பதினான்கு கூட்டவும் என்று முடிகிறது. பழைய எண் ஒவ்வொன்றையும் ஒற்றைக் கோடு போட்டு அடித்திருக்கிறார்கள், காப்பியடிப்பதிலும் நான் சொல்லிக்கொடுத்த முறையை விடவில்லை. கல் எந்த வருடம் எவ்வளவு இறங்கியது என்று இந்தக் கல்லூரியில் ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தது அந்தத் திருட்டுக் காகிதம் ஒன்றுதான். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தேன். பிறகு என் விரல் தானாக வரிவரியாக மேலே போய், நீ படித்த வருடத்தில் நின்றது. ஒன்பது.

உனக்கு நினைவிருக்கும், மறந்திருந்தால் நீ ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பேசியிருக்க மாட்டாய். பதினோரு வருடத்துக்கு முன்னால் நீ என் வகுப்பில் நின்று ஒன்பது குறைகிறது என்றாய். சொந்த மகளுக்குச் சலுகை என்று ஒருத்தரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசிவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. வீட்டுலதான் பொண்ணு, இங்க ஸ்டூடன்ட், கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாரு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அந்த வெயிலில் உன்னை நாலு தடவை அனுப்பினேன். சீனியர் காகிதத்தை நீ கையால் தொடவே இல்லை என்று இப்போது புரிகிறது, தொட்டிருந்தால் அதில் உன் ஒன்பதே இருந்திருக்கும். ஐந்தாவது தடவை ஒன்று குறைகிறது என்று கொண்டுவந்தாய், கடைசி எண்ணை நீ மாற்றிப் போட்டிருக்கிறாய் என்று எனக்கு அப்போது தெரியாது, தெரிந்துகொள்ள நான் பார்க்கவும் இல்லை, பார்த்தியா, கவனமா பார்த்தா வருது என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் நீ வேறு சீட்டில் உட்கார்ந்தாய், இறங்கும்போது, என் கண்ணுல ஏதோ கோளாறுன்னு நினைக்கிறேம்மா என்றாய். நான் உன்னைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அரை மணி நேரம் எழுத்துப் பலகையைக் காட்டிவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியே கொடுத்தார், அதையும் நாம் இரண்டு பேரும் நம்பவில்லை. அதற்கப்புறம் எல்லாவற்றையும் நாலு தடவை பார்க்க ஆரம்பித்தாய், நான் என் மகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அம்மாவை மன்னித்துவிடு கண்ணே. 

நீ அன்றைக்கு அளவு எழுதிய ஃபீல்டு புக் இருக்குமா என்று வெள்ளிக்கிழமை வீட்டையே தலைகீழாகப் புரட்டினேன். எங்கே இருந்தது தெரியுமா, அப்பாவின் மெஷின் இழுப்பறையில். பின்பக்கம் காலியாக இருக்கிறதே என்று இத்தனை வருடமும் அதில் வாடிக்கைக்காரர் அளவு எழுதி வந்திருக்கிறார், கழுத்து பதினைந்தரை, கை இருபத்துநாலு, தொப்பைக்கு ஒரு விரல் விடவும். அதனால்தான் எடைக்குப் போகாமல் பிழைத்தது. முன்பக்கத்தைத் திருப்பினால் உன் குண்டு குண்டு எண்கள். ஒன்பது, எட்டு, ஒன்பது. நாலாவது தடவை அளந்த பக்கம் வந்ததும் நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். யாரும் சொல்லாமலே நீ பட்டறையிலிருந்து அளந்துகொண்டே கேட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறாய். கேட் கல்லில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய். ஆமை இப்போது செய்ததை நீ அன்றைக்கே செய்து என் கையில் கொடுத்திருக்கிறாய். அதன் மேல் குறுக்காகச் சிவப்பு மையில் என் கையெழுத்து, கேட்காத வேலை, நேரம் வீண். நான் அதைப் படித்துப் பார்த்து எழுதியதாகக்கூட நினைவில்லை. அப்பா மெஷினை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நீ அந்த ஆறு பேரை எடுத்துக்கொள்வதும் விடுவதும் உன் இஷ்டம். வேலை அதிகம், தூக்கம் போதவில்லை, அந்தப் பிள்ளைகள் முகம் பிடிக்கவில்லை, எந்தக் காரணம் வேண்டுமானாலும் சொல்லி மறுத்துக்கொள். என் கண்ணை நம்ப முடியாது என்ற காரணத்தை மட்டும் சொல்லாதே, அது உன் குறை இல்லை, நான் நட்ட கல்லின் குறை. எடுத்துக்கொள்வதாக இருந்தால் ஒன்றே ஒன்று, விநோதமான எண்ணோடு ஒரு பிள்ளை வந்து நின்றால் தப்பு என்று சொல்வதற்கு முன்னால் எப்படி அளந்தாய் என்று கேள், கேட்டுவிட்டு அது முடிக்கும்வரை வாயைத் திறக்காதே. எனக்கு இருபத்தாறு வருடம் பிடித்தது, உனக்கு இலவசமாகத் தருகிறேன். ஆமைக்கு உன்னைப் பற்றிச் சொன்னேன், அந்த அக்கா இப்போ என்ன பண்றாங்க என்று கேட்டாள், மற்றவர்கள் போட்ட கணக்கைச் சரிபார்க்கிற வேலை என்றேன், பின்னே அவங்களுக்குச் சரியான வேலைதான் என்றாள். சனிக்கிழமை காலை பனியில் மறுபடி அந்தக் குழாயில் பார்த்துக்கொண்டு நின்றேன், மைதானத்தின் கோடியில் தலைகீழாக யாரோ அளவுகோலோடு வருகிற மாதிரி இருந்தது, கண்ணை எடுத்துப் பார்த்தால் ஆமை, நேராகத்தான் நடந்து வந்தாள். பட்டறைக் கல்லை எடுத்துவிட்டுப் புதுக் கல் நட வேண்டும், அவள் குழுதான் நடப்போகிறது.

நீ நீண்ட ஆயுளோடு, நல்ல தூக்கத்தோடு, நிறைந்த மனதோடு இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உன் தலை மேல் இருக்கிறது. அப்பா உனக்கு ஒரு சட்டை தைத்து இதோடு வைத்திருக்கிறார், புது டேப்பில் அளந்ததாகச் சொல்லச் சொன்னார். சட்டைக்குள் உன் ஃபீல்டு புக் இருக்கிறது, பத்திரமாகப் பிரி. அதில் ரப்பர் போடக் கூடாது என்று உங்கள் உயிரை எடுத்தவள் நான், அதனால் நானும் அழிக்கவில்லை, நாலாவது பக்கத்தில் என் சிவப்பு வரியைப் படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே, அளந்தது சரி, கல் இறங்கியிருந்தது, தவறு ஆசிரியருடையது என்று எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். சரிபார்த்தவர் என்று கீழே ஒரு கட்டம் இருக்கிறதே, அதைக் காலியாக விட்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவை பார், பார்த்துவிட்டு அதில் நீ கையெழுத்துப் போடு.

உன்,
அம்மா